உடம்பு தேற ஊருக்கு வருபவருக்குச் சென்னையில் கிடைக்கும் வாடகைக் கட்டில், ஆக்சிஜன், ஹோம் கேர்: ஒரு மதிப்பீடு

துபாயிலோ சிங்கப்பூரிலோ ஆபரேஷன் முடிந்திருக்கிறது. "அங்கே தனியாக் கிடந்து என்ன பண்ணப் போறே, இங்கே வந்து ரெண்டு மாசம் இருந்து தேறிட்டுப் போ" என்று அம்மா கூப்பிட, டிக்கெட்டும் போட்டாயிற்று. சென்னை வீட்டில் இருப்பது 65, 70 வயது அப்பா அம்மா. விமானம் இறங்குவதற்குள் கட்டில், வீல்சேர், தேவைப்பட்டால் ஆக்சிஜன் மெஷின், கூடவே பார்த்துக்கொள்ள ஓர் ஆள் எல்லாம் வீட்டில் தயாராக இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் இன்று சென்னையில் போனிலேயே ஏற்பாடு செய்துவிடலாம். மெஷின்களின் தரத்தில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டின் அளவைக் கேட்காமல் அனுப்புவதும், இறக்கி வைத்த ஐந்தாவது நிமிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவதும்தான் இந்தத் தொழிலின் குறை. அதனால் இங்கே ஒவ்வொரு சேவையையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்த்திருக்கிறோம்: மதியம் மூன்று மணிக்கு அம்மா மட்டும் வீட்டில் இருக்கும்போது, அவரால் அதைத் தனியாகக் கையாள முடியுமா?

விமான நிலையத்தை முதலில் முடித்துவிடலாம். டிக்கெட்டில் வீல்சேர் கேட்கும்போது மூன்று வகை உண்டு. படி ஏறி இறங்குவார், நீண்ட தூரம் மட்டும் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.ஹெச்.ஆர். படி முடியாது, விமானத்துக்குள் சீட் வரை நடந்துவிடுவார் என்றால் டபிள்யூ.சி.ஹெச்.எஸ். சீட்டிலேயே தூக்கி உட்கார வைக்க வேண்டும் என்றால் டபிள்யூ.சி.ஹெச்.சி. வெறுமனே "வீல்சேர் வேண்டும்" என்றால் முதல் வகையாகப் பதிவாகிவிடலாம். விமானம் ஏரோபிரிட்ஜில் நிற்காமல் தள்ளி நின்று படிக்கட்டில் இறக்கினால், படி இறங்க முடியாதவர் வாசலிலேயே தவித்து நிற்பார். ஆகவே வகையைச் சரியாகச் சொல்லி, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் உறுதி செய்யுங்கள். அண்மையில் ஆபரேஷன் ஆனவருக்கும், பயணத்தில் ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கும் விமான நிறுவனங்கள் மெடிஃப் என்ற மருத்துவப் படிவம் கேட்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரே நிரப்ப வேண்டும் என்பதால், டிஸ்சார்ஜ் அன்றே வாங்கிக்கொள்வது நல்லது. சொந்த ஆக்சிஜன் சிலிண்டரைக் கேபினுக்குள் விடமாட்டார்கள். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், அனுமதிக்கப்பட்ட கையடக்க கான்சென்ட்ரேட்டர்தான் வழி. அதற்கும் பறக்கும் நேரத்தைப்போல ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி.

மீனம்பாக்கத்தில் வெளியே வந்ததும் ஆப் டாக்சிக்கு அடுக்குமாடி வாகன நிறுத்தம் வரை போக வேண்டியிருக்கும். நோயாளியை அங்கே அலைக்கழிக்க வேண்டாம். சொந்த வண்டியையோ, முன்பே பேசிய வண்டியையோ வாசலுக்கே வரச் சொல்லுங்கள். சென்னை டாக்சிகளில் பல, டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் வைத்தவை. மடக்கிய வீல்சேர்கூட உள்ளே போகாது என்பதால் வண்டி பேசும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும். இடுப்பு, முழங்கால் ஆபரேஷன் ஆனவருக்குத் தாழ்வான சீட் உள்ள சின்ன கார் ஆகாது. சீட் அவருடைய இடுப்பு உயரத்துக்கு வரும் வண்டியாகப் பிடித்து, முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிச் சாய்த்து வைத்துக்கொண்டு ஏற்றுங்கள்.

கட்டில்

வாடகைக் கட்டிலில் செமி ஃபவுலர், ஃபவுலர் என்று இரண்டு பெயர் சொல்வார்கள். செமி ஃபவுலரில் சுற்றி உயர்த்தும் கைப்பிடி ஒன்றுதான், முதுகுப் பக்கம் மட்டும் உயரும். ஃபவுலரில் இரண்டு கைப்பிடி, முழங்கால் பக்கமும் உயரும். வாடகை குறைவு என்று எல்லோரும் செமி ஃபவுலரைத்தான் எடுக்கிறார்கள். எங்கள் கணிப்பில் பின்னால் அதிகம் வருத்தம் தரும் முடிவு இதுதான். காரணம் எளிது. முதுகை மட்டும் உயர்த்தினால் உடம்பு கால் பக்கமாகச் சரியும். அரை மணிக்கொரு முறை அக்குளில் கை கொடுத்து மேலே இழுக்க வேண்டியிருக்கும். இழுப்பவர் அம்மா என்றால் அவருடைய இடுப்பு போகும். நெஞ்செலும்பைப் பிளந்து இதய ஆபரேஷன் செய்தவர் என்றால் அப்படிக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பிளந்த எலும்பு சேர இரண்டு மூன்று மாதம் ஆகும். ஃபவுலர் கட்டிலில் முதலில் முழங்கால் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, அதன் பிறகு முதுகை உயர்த்தினால் ஆள் சரிய மாட்டார். இறக்கும்போது முதலில் முதுகு, பிறகு முழங்கால். இந்த வரிசையைக் கட்டில் இறக்க வருபவர் சொல்லித் தருவதில்லை. கேட்டால்தான் சொல்வார், சிலருக்கு அதுவும் தெரியாது.

கைப்பிடி கால்மாட்டில், தரையிலிருந்து ஓரடிக்குச் சற்று மேலே இருக்கும். குனிந்துதான் சுற்ற வேண்டும். மூட்டு வலி உள்ள அம்மாவுக்கு இது ஒரு நாளைக்குப் பத்து முறை என்றால் நடக்காத காரியம். அத்தகைய வீட்டுக்கு மோட்டார் வைத்த, ரிமோட்டில் இயங்கும் கட்டில்தான் சரி, கூடுதல் வாடகை வீண்போகாது. கரண்ட் போனால் கையால் இறக்க வழி இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் சாய்ந்த நிலையிலேயே மாட்டிக்கொள்வார்.

கட்டில் சுமார் ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம். பத்துக்குப் பத்து அறையில் இரட்டைக் கட்டிலும் பீரோவும் இருந்தால் இது நுழையாது. பழைய கட்டிலை முதல் நாளே கழற்றி வையுங்கள். சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள். ஒரு பக்கமாவது இரண்டரை அடி இடம் இருந்தால்தான் வீல்சேரை அணைத்து நிறுத்த முடியும். தலைமாட்டில் ஸ்விட்ச் போர்டு வருகிறதா, ஃபேன் காற்று நேராக முகத்தில் படாமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். உயரம் ரொம்ப முக்கியம். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும். வீட்டில் சும்மா ஒரு நாற்காலி அளவு, சுமார் 18 அங்குலம், பழகியிருப்பவருக்கு 24 அங்குலக் கட்டிலும் அதற்கு மேல் ஒரு மெத்தையும் என்றால் கால் தொங்கும். இறங்கும்போது விழுவது பெரும்பாலும் இப்படித்தான். நான்கு சக்கரத்திலும் பூட்டு இருக்கட்டும், குறைந்தபட்சம் குறுக்காக இரண்டிலாவது இருந்தே ஆக வேண்டும்.

நாள் முழுக்கப் படுக்கையில் இருப்பவர் என்றால், படுக்கைப் புண் வராமல் தடுக்கும் ஏர் பெட் கூடவே வரும். சென்னைக் கடைகளில் ஆல்ஃபா பெட் என்றால் சட்டெனப் புரிந்துகொள்வார்கள். அதைக் கட்டில் மெத்தைக்கு மேலே விரிக்க வேண்டும், அடியில் அல்ல. அதற்கு மேல் ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு போதும். ரப்பர் ஷீட், மடித்த போர்வை, அதன் மேல் பழைய வேட்டி என்று அடுக்கினால் காற்று அறைகள் மாறி மாறி ஊதி இறங்குவது தோலுக்கே தெரியாது. வாடகை வீண், புண்ணும் வரும். சரியாக ஊதியிருக்கிறதா என்று பார்க்க, புட்டத்துக்கு நேர் கீழே ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையைச் செலுத்திப் பாருங்கள். ஓர் அங்குலமாவது காற்று தாங்க வேண்டும். பம்பில் எடைக்கு ஏற்ற அளவு வைக்கும் குமிழ் இருக்கும். அதைக் கடைசி வரை திருப்பிக் கல் மாதிரி ஆக்குவது பலர் செய்யும் தவறு. ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்கத்தான் வேண்டும். அந்த வேலையை அது குறைக்காது.

வீல்சேரும் லிஃப்ட்டும்

எல்லாவற்றிலும் கவனக்குறைவாக அனுப்பப்படுவது இதுதான். சாதாரண 18 அங்குல சீட் வீல்சேரின் மொத்த அகலம் 25, 26 அங்குலம். நம் ஃபிளாட்டுகளில் பாத்ரூம் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி. நிலை மரத்தைக் கழித்தால் உள்ளே கிடைப்பது 25 அங்குலம், சில வீட்டில் அதுவும் இல்லை. அதாவது வீல்சேர் பாத்ரூம் வாசலில் நின்றுவிடும். போதாக்குறைக்கு அங்கே ஓர் அங்குலத் தடுப்போ பள்ளமோ இருக்கும். எனவே வாடகைக்குச் சொல்லுமுன், கதவை முழுக்கத் திறந்து, திறந்த கதவுக்கும் எதிர் நிலைக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். குறைவாக இருந்தால் 16 அங்குல சீட் கேளுங்கள், அல்லது பின்னாலிருந்து தள்ளும் சின்னச் சக்கர வண்டி கேளுங்கள். அதில் கையால் சுற்றும் வளையம் இல்லாததால் இரண்டு மூன்று அங்குலம் மிச்சம். உட்கார்ந்தால் கை வைக்கும் பக்கக் கைப்பிடி மேலே மடங்கும் வகைதான் வேண்டும். நிலையான கைப்பிடி என்றால் கட்டிலிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி உட்கார வைக்க முடியாது, தூக்க வேண்டிவரும்.

லிஃப்ட்டையும் அளக்க வேண்டும். ஆறு பேர் லிஃப்ட்டின் வழக்கமான உள்ளளவு 1100 மி.மீ. அகலம், 1000 மி.மீ. ஆழம், கதவு 700 மி.மீ. கால் வைக்கும் தட்டோடு வீல்சேரின் நீளம் 1050 மி.மீ. வரை போகும். தட்டைக் கழற்றினால்தான் கதவு மூடும். கழற்ற முடியாத வகையை அனுப்பினால் அன்றே திருப்பி அனுப்புங்கள். எட்டுப் பேர் லிஃப்ட் என்றால் 1300க்கு 1100, சிக்கல் இல்லை. ஸ்ட்ரெச்சர் இரண்டிலும் போகாது. லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடி ஃபிளாட் என்றால், படியில் தூக்க நாற்காலி வகை ஸ்ட்ரெச்சரும் இரண்டு ஆளும் உள்ள தனியார் ஆம்புலன்ஸை முன்கூட்டியே பேசுங்கள். இரண்டாம் மாடியில் சொந்த வீடு இருந்தும், தரைத்தளத்தில் இருக்கும் அக்கா வீட்டில் முதல் மாதத்தைக் கழிப்பது பல நேரம் புத்திசாலித்தனம். ஆனால் வருவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள் என்றால், வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கத் தரைத்தளம் வேண்டாம். 2015லும் 2023 டிசம்பரிலும் அங்கெல்லாம் தண்ணீர் எப்படி நின்றது என்பது தெரிந்ததுதான்.

பாத்ரூமுக்கு ஒரு கமோடு சேர் எடுத்துவிடுங்கள். இடுப்பு மாற்று ஆபரேஷன் ஆனவருக்கு வெஸ்டர்ன் குளோசெட் மேல் வைக்கும் நான்கு முதல் ஆறு அங்குல உயர்த்தி அவசியம். இந்தியன் டாய்லெட்டை மறந்துவிட வேண்டும். இவற்றை வாடகைக்கு எடுப்பதைவிட வாங்கிவிடலாம். பாரிமுனையை ஒட்டிய பார்க் டவுனில் நைனியப்ப நாயக்கன் தெருவுக்கு ஒரு நடை போனால் சர்ஜிகல் சாமான்களை நேரில் உட்கார்ந்து, அழுத்திப் பார்த்து வாங்கலாம். எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது என்பதற்கு ஒரு கணக்கு போதும். விலையை மாத வாடகையால் வகுங்கள். வரும் எண்ணைவிட லீவு மாதங்கள் குறைவென்றால் வாடகை. கட்டிலும் கான்சென்ட்ரேட்டரும் எப்போதும் வாடகைப் பக்கம்தான் விழும்.

ஆக்சிஜனும் கரண்டும்

வாடகைக்கு வரும் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர்கள் பெரும்பாலும் நம்பகமானவை. ஆக்சிஜன் சுத்தம் 93 சதவீதம், மூன்று கூடலாம் குறையலாம். அனலைசர் கொண்டுவந்து, டாக்டர் சொன்ன அளவில் ஓடவிட்டு 90க்கு மேல் வருகிறதா என்று கண் முன்னே காட்டும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். காட்ட மறுப்பவரிடம் எடுக்காதீர்கள். மெஷினில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற மீட்டர் உண்டு, அதையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

"மெஷின் ஓடுது, ஆனா காத்து வரல" என்ற புகாருக்கு மிகச் சாதாரணமான காரணம், தண்ணீர் பாட்டிலின் மூடி மரை தப்பி மாட்டியிருப்பது. காற்று மூக்குக்கு வராமல் பாட்டில் வாயிலேயே கசியும். மூக்கில் மாட்டும் குழாயின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் அமிழ்த்துங்கள். குமிழி வந்தால் சரி, வராவிட்டால் மூடியைக் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் கட்டில் சக்கரம் குழாய் மேல் ஏறியிருக்கும். பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். அளவு காட்டும் குண்டின் நடுப்பகுதி கோட்டில் நிற்க வேண்டும். மெஷினைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள், ஃபில்டரை வாரம் ஒரு முறை கழுவி நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். சாமி விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி எல்லாம் பத்தடிக்கு அப்பால் போகட்டும். மூக்கு காய்ந்தால் விக்ஸோ வாசலினோ தடவக் கூடாது. மூச்சு வாங்குகிறதே என்று அளவை நாமாகக் கூட்டவும் கூடாது. நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு அதுவே ஆபத்தாக முடியும்.

சென்னையில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 முதல் மதியம் 2 வரை கரண்ட் நிறுத்துவது வழக்கம். ஐந்து மணி நேரம். 5 லிட்டர் மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டில் உள்ள 150 ஏ.எச். இன்வெர்ட்டர் பேட்டரியில் காகிதக் கணக்கு 1800 வாட் மணி. இழப்பைக் கழித்து, ஒரு ஃபேனும் ஓடினால், புது பேட்டரியே மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் பெரிது. இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாகவும் இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவ் என்றால் கம்ப்ரசர் சூடாகும். ஆகவே மெஷினோடு ஒரு பி டைப் சிலிண்டரும் ரெகுலேட்டரும் வாங்காமல் விடாதீர்கள். நிரம்பிய நிலையில் அதில் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம் வரும், 5 லிட்டர் என்றால் ஐந்து மணி நேரம்தான். ஸ்பேனரை சிலிண்டர் கழுத்திலேயே கட்டி வைத்து, ஒரு முறை அம்மா கையாலேயே திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். மின் தடை விசாரணைக்கு, மின்வாரியச் சேவை மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

ஆள்

ஹோம் கேர் சேவையில் தரம் ஏறி இறங்குவது இங்கேதான். பிரச்சினையின் வேர் சொற்களில் இருக்கிறது. "நர்ஸ்" என்று போனில் சொல்வார்கள், வருபவர் அட்டெண்டராக இருப்பார். குளிப்பாட்ட, உடை மாற்ற, நடத்திக் கூட்டிப்போக, சாப்பாடு ஊட்ட அட்டெண்டர் போதும், அந்த வேலையை அருமையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஊசி, டிரிப்ஸ், புண் கட்டு, மூக்குக் குழாய் வழி உணவு இவற்றுக்கு ஏ.என்.எம்., ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் படித்து, தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் வேண்டும். பதிவு எண்ணை வாட்ஸ்அப்பில் முன்பே கேளுங்கள்.

இரண்டாவது குழப்பம் "24 மணி நேர ஆள்". வீட்டோடு தங்குவார் என்றுதான் அதற்குப் பொருள், இரவெல்லாம் விழித்திருப்பார் என்று அல்ல. அவரும் மனிதர், ஏழெட்டு மணி நேரம் தூங்க வேண்டும். இரவில் இரண்டு மணிக்கொரு முறை புரட்ட வேண்டியவருக்கு 12 மணி ஷிஃப்ட் இரண்டு ஆள்தான் முறை. காலை 8, இரவு 8 மாறும் நேரத்தில் பதினைந்து நிமிடம் இருவரும் ஒன்றாக இருக்கட்டும். பிரஷர், நாடி, சூடு, ஆக்சிஜன் அளவு, சிறுநீர், மாத்திரை நேரம் ஆறையும் ஒரே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பொங்கல், தீபாவளி வாரங்களில் "மாற்று ஆள் உடனே" என்ற வாக்குறுதியை நம்பித் திட்டம் போடாதீர்கள். அந்த நாள்களுக்குச் சித்தப்பா வீட்டிலிருந்தோ அண்ணி வீட்டிலிருந்தோ ஒருவரைச் சொல்லி வைப்பதே உத்தமம். ஆளின் சாப்பாடு, தங்குமிடம், வார விடுப்பு மூன்றையும் முதல் நாளே தெளிவாகப் பேசிவிட்டால் பாதிச் சச்சரவு வராது.

மருந்தும் ரத்தப் பரிசோதனையும்

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் சேவை, சென்னையில் கிடைப்பவற்றில் ஆகச் சிறந்தது. காலை ஆறு, ஆறரைக்கு வந்துவிடுகிறார்கள், ரிப்போர்ட் அன்றே போனில். கவனிக்க வேண்டியது அலகு. சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா ரிப்போர்ட்டில் சர்க்கரை மில்லிமோலில் இருக்கும். 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு, அங்கே 7 என்றால் இங்கே 126. கிரியாட்டினின் மைக்ரோமோலில் இருந்தால் 88.4ஆல் வகுக்க வேண்டும், 106 என்பது 1.2. இந்தக் கணக்கு போடாமல் பார்த்தால் சிறுநீரகம் சட்டென்று மோசமானதாகவோ தேறியதாகவோ தோன்றும்.

மருந்துச் சீட்டில் பிராண்ட் பெயர் பயன்படாது, மூலப்பெயர் வேண்டும். அதுவும் அமெரிக்காவில் மாறும். அங்கே அசிட்டமினோஃபென், இங்கே பாராசிட்டமால். அங்கே ஆல்புட்ரால், இங்கே சால்புட்டமால். இங்கே மருந்து வாங்க இங்குள்ள டாக்டர் சீட்டு தேவை என்பதால், வந்த முதல் வாரத்திலேயே ஒரு டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

இன்சுலின் போடுபவர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். இந்தியாவில் குப்பி இன்சுலின் பரவலாக ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் உடம்பில் ஏறுவது இரண்டரை மடங்கு. இன்சுலின் பேனா என்றால் இந்தக் குழப்பம் இல்லை, இயன்றால் பேனாவுக்கே மாறிவிடுங்கள். கத்திரி வெயிலில் இன்சுலினை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃபிரீசரில் அல்ல.

சாப்பாட்டில் அன்பு மிகுந்து தவறு நடக்கும். இதய நோயாளிக்குச் சமையலில் உப்பைக் குறைத்துவிட்டு, வாய்க்கு ருசியாக என்று அப்பளம், வடகம், மோர் மிளகாய், ஊறுகாய் வைப்பார்கள். குறைத்த உப்பு எல்லாம் அதில் திரும்பி வந்துவிடும். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அதுவும் இளநீரும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் கீரையை விட்டுவிட வேண்டியதில்லை, வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால்தான், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஆடும்.

திரும்பக் கொடுப்பது

வாடகை பெரும்பாலும் முழு மாதக் கணக்கு. ஆறு வார லீவுக்கு இரண்டு மாத வாடகை வாங்குகிறார்களா, பதினைந்து நாள் கணக்கு உண்டா என்பதை முன்பணம் கட்டுமுன் கேளுங்கள். முன்பணம் எத்தனை நாளில் திரும்பும், மாடி ஏற்றுக்கூலி இறக்கும்போதும் உண்டா என்பதும் ரசீதிலேயே இருக்கட்டும். இறக்கிய அன்று கட்டிலின் நான்கு பக்கமும், ஏர் பெட்டின் இரு புறமும் போட்டோ எடுத்திருந்தால் கடைசி நாள் வாக்குவாதம் இருக்காது.

திரும்பிப் போகும் விமானத்துக்கும் பயணத் தகுதிச் சான்று வேண்டியிருக்கும். அது பயணத்துக்குச் சில நாள்களுக்குள் எழுதியதாக இருக்க வேண்டும் என்பதால், டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டைக் கடைசி வாரத்தில் வையுங்கள். கட்டிலை எடுத்துப்போக வரும் தேதியை விமானத் தேதிக்கு மறுநாள் என்று சொல்லுங்கள். முன் தினமே வந்து தூக்கிவிட்டால், நள்ளிரவு விமானத்துக்குக் காத்திருக்கும் அந்த மாலை முழுவதும் அவருக்கு முதுகு சாய்க்க இடமிருக்காது.